‘முடிவு என்னுடையது’ என்று எழுதித் தந்தவருக்கு

தம்பி மீண்டும் கழக உடையணிந்து வெபர் மைதானத்தில் இறங்கிய இந்த வாரத்திலேயே, அவனுடைய முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் எங்களோடு நின்ற எல்லோருக்கும் இம்மடலை எழுதிவிட வேண்டும் என்று அம்மா சொன்னார். நடந்தது என்னவென்று கொக்கட்டிச்சோலையிலும் மட்டக்களப்பு நகரிலும் உதைபந்தாட்டம் பார்க்கின்ற அனைவரும் அறிவீர்கள். அதனை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை.

சத்திரசிகிச்சை செய்த வைத்தியர்களுக்கும், விடுதியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பணம் சேர்த்துத் தந்த கழகத்தாருக்கும், பயிற்சிக்காக அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மண்முனைப் பாலம் தாண்டிக் கூட்டிச் சென்ற நண்பர்களுக்கும், சோறு கறி கொடுத்தனுப்பிய அயலாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து சொல்லும் கடமை இன்னும் இருக்கிறது.

இந்த மடலில் மிகுதி இடத்தை, இயன்மருத்துவரான பிசியோ மிஸ் எழுதித் தந்த ஒரேயொரு தாளுக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

சுற்றுப்போட்டியின் இறுதிக் கட்டம் நெருங்கியபோது சத்திரசிகிச்சை நடந்து ஒன்பது மாதம் நிறைந்திருக்கவில்லை. தம்பி ஓடினான், பந்தை உதைத்தான், வலி இல்லை என்றான். கால் சரியாகிவிட்டது என்று பார்த்தவர்களும் சொன்னார்கள். அவனுக்குப் பயிற்சி கொடுத்துவந்த பிசியோ மிஸ் மட்டும் வலி இல்லாததை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் அளவு நாடாவை ஒட்டி, ஒற்றைக் காலில் ஒரு தாவல், அடுத்தடுத்து மூன்று தாவல், கோட்டின் இருபுறமும் மாறி மாறித் தாவுதல், 6 மீற்றரை ஒற்றைக் காலால் தாவிக் கடக்க எடுக்கும் நேரம் என நான்கையும் இரு கால்களிலும் அளந்தார். காயப்பட்ட கால் மற்றக் காலின் 90 வீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். தம்பி அதைத் தாண்டியபோது எங்கள் பொறுத்திருத்தல் முடிந்தது என்றே நான் எண்ணினேன்.

மிஸ் அப்படி எண்ணவில்லை. மாதக்கணக்கில் விளையாடாததால் நல்ல காலும் பலம் குன்றியிருக்கும், ஆகவே அதனோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் வீதம் உண்மையைவிட அழகாகத் தெரியும் என்று விளக்கினார். தாவிய தூரம் சமமாக இருந்தாலும், முழங்கால் செய்ய வேண்டிய வேலையை இடுப்பும் கணுக்காலும் பங்கிட்டுச் செய்திருக்கலாம் என்றார். கைத்தொலைபேசியில் அவர் எடுத்த காணொளியில், தரையிறங்கும் கணத்தில் முழங்கால் உட்பக்கமாகச் சரிவதை நானே கண்டேன். முன்தொடைத் தசையின் பலத்தைக் கருவியால் அளந்தபோது அது பின்தங்கியே நின்றது. தம்பியைப் போலவே முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற பிணைநாருக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் முழங்கால் மீண்டும் காயப்படும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருந்ததையும் எடுத்துச் சொன்னார்.

இத்தனையும் கேட்டுத் தலையாட்டிய தம்பியால் கழகத்துக்குப் போய் ‘நான் இறங்க மாட்டேன்’ என்று சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். சந்தியில் நிற்பவர் முதல் கோயில் வீதியில் சந்திப்பவர் வரை ‘தம்பி, இறங்கலாம்தானே?’ என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. இதனை நாங்கள் யாரும் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. நாங்கள் எழுந்து புறப்படும்போது அவர் எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு தாளில் தம் கையாலேயே பயிற்றுவிப்பாளருக்கு எழுதத் தொடங்கினார். தனியாகப் பந்தோடு ஓடலாம், எதிராளி மோதாத பயிற்சிகளில் சேரலாம், அடுத்த பரிசோதனை வரை போட்டியில் இறங்கக் கூடாது என்று எழுதி, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: ‘இந்த முடிவு என்னுடையது, வீரருடையதல்ல. கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள்.’

அந்தத் தாளைப் பயிற்றுவிப்பாளர் சேர் அணியின் முன்னால் வாசித்த பிறகு தம்பியிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. கோழை என்ற சொல் அவன் காதில் விழவில்லை. அவன் அன்று இரவு சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்தபோதுதான், எத்தனை பெரிய சுமை அவன் நாக்கிலிருந்து இறக்கப்பட்டிருக்கிறது என்று எனக்கு விளங்கியது. பரிசோதித்துச் சொல்வது அவருடைய தொழில். மறுப்பினால் வரும் மனத்தாங்கலையும் தம் பெயரில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் தசைப் பலமும் தரையிறங்கும் விதமும் தேறின. அப்போதும் அவர் விட்டுவிடாமல், மீண்டும் காயப்படுவோமோ என்ற அச்சத்தையும் தன்னம்பிக்கையையும் அளக்கும் 12 கேள்விகளைத் தமிழில் வாசித்து, பதில் சொல்ல அவனுக்கு அவகாசம் கொடுத்தார். கால் ஆயத்தமானாலும் மனம் பின்னிற்பதுண்டு என்பதை இப்படிக் கேட்டறிய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. முதலில் முழுப் பயிற்சி, பின்னர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள், அதன் பின்னர் முழு ஆட்டம் என்று படிப்படியாகவே அனுமதித்தார்.

கழகமும் ஒன்றைத் தீர்மானித்திருக்கிறது. உதைபந்தாட்ட வீரர்களின் காயங்களைக் குறைப்பதற்கென வகுக்கப்பட்ட ஃபிஃபா 11+ என்ற ஏறத்தாழ 20 நிமிட ஆயத்தப் பயிற்சியை இனி எல்லா வயதினரும் செய்த பிறகே பந்து வெளியே எடுக்கப்படும். சிறுவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

மிஸ், இன்னொரு விடயம். அயல் கிராமத்துக் கபடி வீராங்கனை ஒருத்தியின் தாய், உங்கள் தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அது என் தம்பியின் காலைப் பரிசோதித்து எழுதியது, உங்கள் மகளைப் பார்க்காமல் அவளுக்கு அது பொருந்தாது என்று சொல்லி, எந்த நாளில் அழைத்து வரலாம் என்று உங்களிடம் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். வேலையைக் கூட்டுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். நாளைச் சொன்னால் நானே கூட்டி வருகிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
தம்பியின் அக்கா,
கொக்கட்டிச்சோலை.