ஒட்டியிருக்கும் அணுவை மாசு என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பொருள்களின் மேற்பரப்பு பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இந்தப் பக்கம் அதிகம் பேர் வருவதில்லை, நான்கு பக்கம் ஒதுக்கி வெளியிட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க வந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேற்பரப்பில் வந்து ஒட்டும் அணுக்களை எல்லா இடத்திலும் 'மாசு' என்றே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். போதாததற்கு, இதுவும் சிலிக்கானில் வேண்டுமென்றே வேறு அணுக்களைக் கலக்கும் மாசூட்டலும் ஒன்றுதான் என்றும், மேற்பரப்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகச் சாதனம் வேலை செய்யும் என்றும் முடித்துவிட்டார். நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன், இதைப் படித்துவிட்டு வரும் பையன்களுக்கு நாளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மாசூட்டலில் நடப்பது வேறு. அங்கே பாஸ்பரஸோ போரானோ படிகத்துக்கு உள்ளே போய் ஒரு சிலிக்கான் அணுவின் இடத்தில் உட்காருகிறது. நான் சொல்ல வரும் அணு உள்ளே போவதே இல்லை. வாசலில் நிற்கிறது. வகுப்பில் நான் 'ஒட்டணு' என்று சொல்லிப் பழக்கியிருக்கிறேன், இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன்.

வாசலில் நிற்கிற அணு என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று கேட்கலாம். 1 செ.மீ. உயரமுள்ள டங்ஸ்டன் கட்டியில் மேலிருந்து கீழ்வரை கோடிக்கணக்கான அணு அடுக்குகள் இருக்கின்றன, அதன் தலையில் ஒரே ஒரு அடுக்கு, அதுவும் முழுமையாகக்கூட இல்லாத அடுக்கு, சீசியம் ஒட்டினால் போதும், எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவைப்படும் வெளியேற்று ஆற்றல் சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 1.7 பக்கம் இறங்கிவிடும். சூடாக்கிய உலோகத்திலிருந்து எத்தனை எலக்ட்ரான் வெளியே வரும் என்பதற்கு ரிச்சர்ட்சன் கொடுத்த சமன்பாட்டில் இந்த ஆற்றல் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் 1000 கெல்வினில் இந்த வித்தியாசத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட கோடி கோடி மடங்கு வருகிறது. சொல்லுக்காகச் சொல்லவில்லை, ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சுழியம், பையன்களைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

காரணம் எளிமையானதுதான். சீசியத்தின் வெளி எலக்ட்ரான் ஒன்றே ஒன்று, அதன் பிடியும் தளர்ந்தது. டங்ஸ்டன் மேல் வந்து உட்கார்ந்ததும் அந்த எலக்ட்ரானில் ஒரு பங்கு உலோகத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது, அணு நேர்மின் ஏறி வெளிப்புறம் நிற்கிறது, உட்புறம் எதிர்மின் சேர்கிறது. இப்படி லட்சம் கோடிக் கணக்கில் குட்டி இருமுனைகள் ஒரே திசையில் வரிசை கட்டி நின்றால், உள்ளிருந்து வரும் எலக்ட்ரானை வெளிப்புறத்து நேர்மின் இழுத்து உதவி செய்கிறது. கிணற்றுச் சுவரின் உயரம் குறைந்துபோன மாதிரி. எதிர்ப்பக்கமும் உண்டு. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் ஆக்சிஜன் அதே டங்ஸ்டனில் ஒட்டினால் சுவர் உயர்ந்துவிடும்.

கட்டுரையில் இல்லாத இன்னொரு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சீசியத்தை மேலும் மேலும் ஒட்டவிட்டால் வெளியேற்று ஆற்றல் குறைந்துகொண்டே போகும் என்றுதானே நினைப்போம்? போகாது. அடுக்கு முழுதாக நிரம்புவதற்கு முன்பே அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மறுபடி ஏற ஆரம்பிக்கிறது, கடைசியில் சீசியத்துக்கே உரிய 2.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் போய் நிற்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நெருங்கிய இருமுனைகள் ஒன்றையொன்று பலவீனமாக்குகின்றன, அப்புறம் சீசியம் தானே ஒரு உலோகப் படலமாக நடந்துகொள்ளத் தொடங்குகிறது. ஆக, இரண்டும் சேர்ந்து கொடுக்கும் மதிப்பு டங்ஸ்டனிடமும் இல்லை, சீசியத்திடமும் இல்லை. இதை 'மாசு' என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

வரலாற்றையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விளக்கு இழை உருக்குலையாமல் இருப்பதற்காகத்தான் டங்ஸ்டனில் ஓரிரு சதவீதம் தோரியம் ஆக்சைடைக் கலந்தார்கள், எலக்ட்ரானை யாரும் நினைக்கவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இர்விங் லாங்மியூர்தான் இப்படிப்பட்ட இழையிலிருந்து எலக்ட்ரான் ஏராளமாக வருவதைப் பின்தொடர்ந்து போனார். இழையைக் கடுமையாகச் சூடாக்கினால் கொஞ்சம் தோரியம் உலோகமாகப் பிரிகிறது, பிறகு வெப்பத்தைக் குறைத்து வைத்திருந்தால் அது மெல்ல மேற்பரப்புக்கு வந்து ஓர் அணு கனத்துக்குப் படர்கிறது, வெளியேற்று ஆற்றல் 2.6 பக்கம் இறங்குகிறது. அதே வெப்பநிலையில் வெறும் டங்ஸ்டனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எலக்ட்ரான். 1923-ல் லாங்மியூரும் அவரோடு ஆய்வு செய்த கிங்டனும் இன்னொன்றைக் காட்டினார்கள்: சூடான டங்ஸ்டனில் மோதும் சீசியம் அணு, எலக்ட்ரானை அங்கேயே விட்டுவிட்டு அயனியாகத் திரும்பிப் போகிறது. சீசியத்தின் எலக்ட்ரானைப் பிரிக்க 3.9 போதும், டங்ஸ்டனோ 4.5-இல் பிடித்துக்கொள்கிறது. மேற்பரப்பு வேதியியலுக்காக லாங்மியூருக்கு 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இதெல்லாம் பழைய வால்வு காலத்துக் கதை என்று தள்ளிவிடலாமா? எங்கள் பயிற்சிக்கூடத்துக்கு வந்து பாருங்கள். ஆர்கான் வெல்டிங் செய்யும் பையன் கையில் இருக்கும் சிவப்பு முனை டங்ஸ்டன் ராடில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. பச்சை முனை வெறும் டங்ஸ்டன். சிவப்பில் ஆர்க் சட்டென்று பிடிக்கிறது, முனையும் தாக்குப்பிடிக்கிறது. எல்லாம் முனையில் எலக்ட்ரானுக்கு வழி எளிதாவதால்தான். (தோரியம் கதிரியக்கமுள்ளது, அந்த ராடைச் சாணை பிடிக்கும்போது வரும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, முடிந்தவரை லாந்தனமோ சீரியமோ கலந்த ராடுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.) எங்கள் மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் இதே தோரியம்தான் இருக்கிறது. மணல் ஆலையைப் பேருந்தில் கடந்து வரும் பிள்ளைகளுக்கு இந்த அணு என்ன வேலை செய்யும் என்று தெரிய வேண்டாமா?

வீட்டில் டப்பா டிவி இருந்த காலத்தில் 'பிக்சர் டியூப் வீக்' என்ற பேச்சைக் கேட்காதவர் குறைவு. எங்கள் வீட்டுப் பெட்டியில் படம் மங்கிப்போய், மெக்கானிக் அண்ணன் வந்து ஹீட்டருக்குக் கொஞ்சம் வோல்டேஜ் ஏற்றிக் கொடுத்தார், இன்னும் சில மாதம் படம் பளிச்சென்று ஓடியது. எப்படி என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பிக்சர் டியூபுக்குள் எலக்ட்ரானை வெளிவிடும் எதிர்முனையின் மேல் பூசிய ஆக்சைடில் பேரியம் அணுக்கள் மேற்பரப்புக்கு வந்து நிற்க வேண்டும், அவை குறைந்தால் எலக்ட்ரான் குறையும், சூட்டை ஏற்றினால் உள்ளே மிச்சமிருக்கும் பேரியம் மேலே வரும். அண்ணன் அந்தப் பெட்டிக்குள் ஒட்டணுக்களைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார்.

கட்டுரையாளர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிப் தயாரிக்கும் இடத்தில் தப்பான அணு ஒட்டினால் வேலை கெடும், உண்மை. ஆனால் அங்கேகூட அவர் சொல்லும் 'சுத்தமான' சிலிக்கான் என்ன என்று பார்க்க வேண்டும். படிகம் வெட்டுப்பட்ட இடத்தில் மேல்வரிசை அணுக்களுக்கு ஜோடி இல்லாத பிணைப்புகள் மிஞ்சுகின்றன. அவை எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படி எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் இடங்களுக்கு மேற்பரப்பு நிலைகள் என்று பெயர், அவை என்னென்ன தொல்லை கொடுக்கும் என்று 1947-லேயே இயற்பியலாளர் ஜான் பார்டீன் விளக்கிவிட்டார். இதைத் தீர்க்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கி எடுக்கிறார்கள். அதன் பிறகு மேற்பரப்பு முழுக்க ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன, ஜோடியில்லாத பிணைப்புகள் அடங்கிவிடுகின்றன. சுத்தம் செய்தது என்று நாம் சொல்வதே வேறொரு அணுவை ஒட்டவைத்ததுதான்.

ஒட்டணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தவும் முடியும். 1993-ல் கலிஃபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் குரோமி, லட்ஸ், ஐக்லர் மூவரும் செம்பின் மேல் 48 இரும்பு அணுக்களை வட்டமாக நிறுத்தினார்கள். வட்டத்துக்குள் அகப்பட்ட மேற்பரப்பு எலக்ட்ரான்கள், அண்டாத் தண்ணீரைத் தட்டினால் எழும் வளையங்கள் மாதிரி, நிலை அலைகளாகப் படத்தில் தெரிந்தன. அப்புறம் கிராஃபீன். மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தும், ஓர் அணு கனமே உள்ள அந்தக் கார்பன் தாளில் ஹைட்ரஜனை ஒட்டவைத்ததும் கடத்தும் குணம் போய்விட்டது, 450 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி ஹைட்ரஜனை விரட்டியதும் திரும்பி வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2009-ல் வெளியிட்டது இது. உள்ளே இருக்கும் கார்பன் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

எனவே கட்டுரையாளருக்கும் தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: மேற்பரப்பில் ஒட்டும் அணுவும் மாசூட்டலும் வேறு வேறு, ஒட்டும் அணு என்ன செய்யும் என்பது எந்த அணு, எதன் மேல், எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அந்தக் கட்டுரையை எங்கள் வகுப்புப் பலகையில் ஏற்கெனவே ஒட்டிவைத்திருக்கிறேன், திருத்தம் வந்ததும் அதன் பக்கத்திலேயே ஒட்டுவேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
நாகர்கோவில்