சாமான் ஏற்றும் லொறிக்கும் ஒரு துண்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, 31 வருடம் அரசாங்கக் கணக்குப் பகுதியில் இருந்தவன் நான். பற்றுச்சீட்டு இல்லையென்றால் ஒரு பூட்டு வாங்கிய கணக்கைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்காக அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது, அதை இங்கே எழுதமாட்டேன். அப்படிப்பட்ட ஆள் இந்தத் தை மாதம், முகம் தெரியாத ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு 60,000 ரூபாவைப் போட்டுவிட்டு, கையில் எழுத்தில் ஒரு துண்டுக் கடதாசியுமில்லாமல் மட்டக்களப்பு ஆரையம்பதி ஒழுங்கையில் மழைக்குள் நின்றேன். எனக்கு நடந்ததைச் சொன்னால் அடுத்தவராவது தப்பிக்கட்டும் என்று எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

நாங்கள் தெஹிவளையில் வாடகைக்கு இருந்தோம். மார்கழியோடு எனக்கு ஓய்வு. ஆரையம்பதியில் இருப்பது மனைவியின் வீடு. தாய் தகப்பன் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்து வழக்கம் வாசகர்களுக்குத் தெரியும், வீடு பெண்ணுக்கு, ஆம்பிளை போய்ச் சேருகிறவன். ஆகவே எப்போது போவது என்று முடிவெடுக்கும் அதிகாரமும் எனக்கு இருக்கவில்லை. “இந்த முறை பொங்கல் பானை எங்கட முற்றத்திலதான்” என்று மனைவி சொல்லிவிட்டார். ஜனவரி 14க்கு முன்னால் சாமான் போய்ச் சேர வேண்டும். அவசரம் அங்கேதான் தொடங்கியது.

முதலில் கொழும்பில் வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு கம்பனிக்காரர் வந்தார். அறை அறையாகப் பார்த்தார், அலுமாரியை நாடாவால் அளந்தார், ஆரையம்பதி ஒழுங்கையின் அகலத்தைக்கூடக் கேட்டார். பெட்டி கட்டுவது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் சேர்த்து 130,000 ரூபா என்று எழுதி, கையொப்பமிட ஒப்பந்தமும் நீட்டினார். எனக்கு நெஞ்சு பகீரென்றது. பழைய கட்டிலையும் கதிரையையும் கொண்டு போக இவ்வளவா? அப்புறம் நண்பர் ஒருவர் மூலம் ஒரு நம்பர் கிடைத்தது. “வட்ஸ்அப்பில நாலு படம் அனுப்புங்க ஐயா, போதும்” என்றது குரல். படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் 85,000 என்று பதில் வந்தது. முன்பணம் 60,000, மிச்சம் 25,000 சாமான் இறக்கிய பிறகு. வந்து பார்த்தவரை விட்டுவிட்டு, பார்க்காமலே விலை சொன்னவரைப் பிடித்தேன்.

அந்த விலை எப்படிக் குறைகிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நம்முடைய பக்கத்திலிருந்து லொறிகள் அரிசி, மீன், கருவாடு என்று மேற்கே ஏற்றிக்கொண்டு போகின்றன. போகிற லொறிக்குத் திரும்புகையில் லோட் கிடைக்காவிட்டால் வெறும் லொறியாக வரவேண்டும். டீசல் எப்படியும் எரியத்தானே போகிறது, ஆகவே பாதி விலைக்கென்றாலும் எதையாவது ஏற்றிக்கொண்டு வந்தால் இலாபம். இதற்கு ‘ரிட்டன் லோட்’ என்று பெயர். இதில் ஒரு குற்றமும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு நல்லதும்கூட. ஆனால் இடையில் ஒரு தரகர் இருப்பார். அவரிடம் லொறி இருக்காது, ஃபோன் இருக்கும். என்னோடு கதைத்தது அந்த ஃபோன்தான் என்று எனக்குத் தெரியாது. லொறிச் சொந்தக்காரரோடு கதைக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு முதிரை மர அலுமாரி இருக்கிறது. மனைவியின் அம்மம்மாவுடையது. சண்டைக் காலத்தில் அதைக் கொழும்புக்குக் கொண்டு போவதை நினைத்தே பார்க்க முடியாது. வெலிக்கந்தையிலும் மன்னம்பிட்டியிலும் சாமானை இறக்கி, அவிழ்த்து, மறுபடி ஏற்றிய காலம் அது. 2002இல் சமாதானம் என்று பாதை கொஞ்சம் இளகிய நேரம் பார்த்துத்தான் கொண்டு போனோம். அந்தப் பயம் எனக்கு இன்னும் விடவில்லை. வழியில் பொலிஸ் மறித்து ‘இந்த மரம் எங்கிருந்து?’ என்று கேட்டால் காட்டுவதற்கு, கிராம சேவையாளரிடம் போய், வீட்டுப் பாவனைப் பொருட்கள் என்று பட்டியல் போட்டு, ஒப்பமும் முத்திரையும் வாங்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சாரதியிடம் கொடுத்தேன். பொலிசுக்குக் காட்டுவதற்கு என்னிடம் பட்டியல் இருந்தது. சாமானை வாங்கிக்கொண்டு போகிறவனிடம் ஒப்பம் வாங்க ஒரு பட்டியலும் இருக்கவில்லை. அந்தப் பொலிஸ் பட்டியலிலும் அலுமாரி 1, கட்டில் 3, சமையல் பாத்திரங்கள் ஒரு தொகுதி என்றுதான் இருந்தது. அந்த ‘ஒரு தொகுதி’ பிறகு எங்களுக்கு வினையாக வந்தது.

9ஆம் திகதி இரவு லொறி வந்தது. கூடவே சாமான் ஏற்றி இறக்கும் இரண்டு நாட்டாமைகள். ஒன்றரை மணித்தியாலத்தில் வீட்டை வெறுமையாக்கிவிட்டார்கள். ஏற்றும்போது மனைவி வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார், மொத்தம் 64 உருப்படி. லொறி விடியப் போய்ச் சேரும் என்றார்கள். நாங்கள் மறுநாள் காலை பஸ் எடுத்து வந்தோம். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று வழிநெடுக ஒவ்வொரு லொறியையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தால் லொறி இல்லை. நம்பரை அடித்தேன். “மன்னம்பிட்டியில வெள்ளமாம் ஐயா, பாதை மூடி” என்றது குரல். மாரியில் மகாவலி பெருகினால் அந்தப் பக்கம் வீதியை வெள்ளம் மூடுவது உண்மைதான், நமக்கெல்லாம் பழக்கமானதுதான். ஆனால் நாங்கள் வந்த பஸ்ஸும் அதே வீதியால்தான் வந்தது, சக்கரம் நனையாமல். அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஃபோன் எடுபடவில்லை. இரண்டு இரவு பாயில் படுத்தோம். மச்சாள் வீட்டிலிருந்து சோறு வந்தது.

12ஆம் திகதி விடிய ஐந்து மணிக்கு ஒழுங்கை முனையில் ஹோர்ன் சத்தம். ஓடிப் போனால் அது வேறு லொறி, சாரதியும் வேறு. வாழைச்சேனைப் பெடியன், இருபத்தைந்து வயதிருக்கும். படங்குக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் இறங்கி வந்து, “ஐயா, 48,000 வாங்கிட்டு இறக்கச் சொல்லியிருக்காங்க” என்றான். நான் 25,000 என்றேன். அவன் 48,000 என்றான். இரண்டு பேரும் ஒரே நம்பரை அடித்தோம். இரண்டு பேருக்கும் ஒரே பதில், ஃபோன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று.

மெல்ல மெல்லத்தான் கதை வெளியே வந்தது. எங்கள் சாமான் தம்புள்ளைச் சந்தைக்குக் கிட்ட ஒரு ஸ்டோரில் இறக்கப்பட்டு, இரண்டு நாளாக, கிழக்குப் பக்கம் போகும் லொறி எது வரும் என்று காத்துக் கிடந்திருக்கிறது. இந்தப் பெடியன் தம்புள்ளைக்குக் கருவாடு இறக்கிவிட்டு வெறும் லொறியாக வரப் பார்த்தவன். ‘லோட் இருக்கு, 48 கிடைக்கும், வீட்டுக்காரர் கையில தருவார்’ என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் கொடுத்த 60,000இல் அவன் கையில் ஒரு சதமும் வரவில்லை. என்னை ஏமாற்றிய அதே ஆள்தான் அவனையும் ஏமாற்றியிருக்கிறார். நான் சத்தம் போட்டதெல்லாம் அவனிடம். அவன் கோபப்பட்டதெல்லாம் என்னிடம். ஒழுங்கையில் சனம் கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு.

மனைவிதான் கடப்படியில் நின்று, “மழைக்குள்ள நிண்டு என்ன கதை, அந்தப் புள்ளையக் கூட்டிட்டு உள்ள வாங்க” என்று கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் பிளேன்ரீ தந்தார். ஒரு கொப்பி ஒற்றையில் கணக்குப் போட்டேன். அவன் கேட்பது 48,000, நான் ஒப்புக்கொண்டது 25,000, இடைவெளி 23,000. ஆளுக்குப் பாதி நட்டம் என்று 11,500ஐ நான் ஏற்றேன், 11,500ஐ அவன் விட்டான். 36,500 கைமாறியது. அந்த ஒற்றையில் இரண்டு பேரும் கையொப்பமிட்டோம். இந்த முழு வேலையிலும் எழுத்தில் இருக்கும் ஒரே துண்டு அதுதான், வேலை முடிந்த பிறகு எழுதியது. கொழும்புக் கம்பனிக்காரர் முதல் நாளே நீட்டிய ஒப்பந்தம் அப்போது என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

பிறகு, பெரிய லொறி ஒழுங்கைக்குள் வராது, கரண்ட் வயர் தாழ்வாக இருக்கிறது என்று தெரிந்தது. ஒழுங்கையைப் பற்றி யார் முன்கூட்டியே கேட்டார், அந்த 130,000காரர்தான். பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றைப் பிடித்து மூன்று தடவையாக உள்ளே கொண்டு வர 4,500. மொத்தச் செலவு 101,000. இருந்தாலும் 29,000 மிச்சம்தானே என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பதில் சொல்லாமல் கருவாட்டு மணம் ஏறிய மெத்தையை வெயிலில் போட இழுத்துக்கொண்டு போனார். வெயிலும் இருக்கவில்லை.

அலுமாரியின் பின்கால் ஒன்று பிளந்து போயிருந்தது. இரண்டு முறை இறக்கி ஏற்றினால் வேறென்ன நடக்கும்? சாரதி பாவம், “லொறிக்கு இன்சூரன்ஸ் இருக்கு ஐயா” என்றான். இருக்கும். ஆனால் வாகனத்துக்குச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, லொறி யாரையாவது மோதினால் அவருக்கானது. உள்ளே ஏற்றியிருக்கும் சாமானுக்கு அதனால் ஒரு சதமும் வராது. சாமானுக்கு வேறாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். கணக்குப் பகுதியில் இருந்த எனக்கு இது தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

முறைப்பாடு செய்யலாமே என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். செய்யலாம். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. பொருளுக்கு மட்டுமல்ல, காசு கொடுத்துப் பெறும் சேவைக்கும் அது பொருந்தும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதவும் உட்கார்ந்தேன். யாருக்கு எதிராக? ஒரு ஃபோன் நம்பருக்கு எதிராக. என்ன ஆதாரம்? வங்கிச் சீட்டில் ஒரு பெயர் இருக்கிறது, அது யாருடையதோ. 85,000 என்று பேசியதற்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி இருக்கிறது. சாமான் லொறி மாறாது என்று அவர் சொன்னதற்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

இனி என் வேண்டுகோள். அரசாங்க ஊழியர்களின் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதியோடுதான் நடைமுறைக்கு வருகின்றன. மற்ற மாகாணங்களுக்கு எப்படியோ, நமக்கு அது மாரியின் நடுப்பகுதி. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் போகிறவர்களும் வருகிறவர்களும் படங்கு போட்ட லொறியில், பெரும்பாலும் என்னைப் போல வாய்ப்பேச்சை நம்பித்தான் வீட்டை ஏற்றுகிறார்கள். எல்லோராலும் 130,000 கொடுக்க முடியாது. கொடுக்கவும் தேவையில்லை, ரிட்டன் லொறியிலேயே அனுப்பலாம். ஒரு துண்டு மட்டும் இருந்தால் போதும்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, கார்த்திகை கடைசியிலோ மார்கழியிலோ உங்கள் பத்திரிகையில் கால் பக்க அளவில் ஒரு படிவத்தை அச்சிட்டுத் தாருங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம், ஏனென்றால் சாரதி யாராகவும் இருக்கலாம். வெட்டியெடுத்து நிரப்பிக்கொள்வோம். லொறி இலக்கம், சாரதியின் அடையாள அட்டை இலக்கம், காசு வாங்குகிறவர் லொறிச் சொந்தக்காரரா தரகரா என்பது. மொத்தம் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மிச்சம் யார் கையில். வழியில் வேறு லொறிக்கு மாற்றுவார்களா, மாற்றினால் எங்கே. இறக்குகிற ஆட்களுக்கு யார் கூலி, லொறி வீட்டு வாசல் வரை வருமா. அதற்குக் கீழே உருப்படிகளை இலக்கமிட்டு எழுத இடம், தாராளமான இடம். இரண்டு பேரும் ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை கையொப்பமிட வேண்டும். லொறிச் சங்கத்துக்காரர்களும் இதை எதிர்க்கத் தேவையில்லை. இப்படி ஒரு துண்டு இருந்திருந்தால் அந்த வாழைச்சேனைப் பெடியனுக்கு 11,500 போயிருக்காது.

உருப்படி எழுத ஏன் அவ்வளவு இடம் கேட்கிறேன் என்றால், மனைவி எண்ணி ஏற்றியது 64, வந்து இறங்கியது 63. குறைந்தது எது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் எடுத்தது. ‘சமையல் பாத்திரங்கள் ஒரு தொகுதி’ என்று நான் எழுதிய அந்தத் தொகுதிக்குள் அம்மி ஒன்று, குழவி ஒன்று, வேறு வேறு சாக்கில். அம்மி வந்துவிட்டது. குழவி தம்புள்ளை ஸ்டோரில் எங்கோ ஒரு மூலையில் வெங்காயச் சாக்குகளோடு கிடக்கிறது போல. சந்தையில் வேறு குழவி வாங்கித் தருகிறேன் என்றேன். நாற்பது வருடம் ஒன்றாக அரைத்துத் தேய்ந்த கல்லுக்கு வேறு கல் பொருந்தாதாம். சாரதித் தம்பி தம்புள்ளைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஸ்டோரில் கேட்டுப் பார்க்கிறான், போன கிழமையும் ஃபோன் எடுத்தான். இன்னும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பகுதி அலுவலர்,
ஆரையம்பதி.