திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2013–14

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2013 ஏப்ரல் முதல் 2014 மார்ச் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத் திரையிடல் தடைபடவில்லை. மழையால் ஒரு முறை மட்டும் தேதி மாறியது. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார், அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை. இரவல் கொடுத்த டிஸ்குகளில் சில இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று அவரவருக்கே தெரியும், தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

இந்த ஆண்டின் பெரிய செய்திக்கு வருகிறேன். நாம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு படங்களும் ஒரே ஆண்டில் வெளிவந்துவிட்டன. 2013 ஆகஸ்டில் எலெய்ன் மே இயக்கிய 'இஷ்டார்' ப்ளூ-ரேயாக, அதாவது டிவிடியை விடத் துல்லியமான டிஸ்காக வந்தது. 2014 ஜனவரியில் ஸ்டான்லி கிரேமரின் 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்' படத்தின் 197 நிமிட நீண்ட வடிவத்தை கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்டது. இரண்டுமே பெரும் பணம் போட்டு எடுத்த நகைச்சுவைப் படங்கள். இரண்டையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறவர்களும் உண்டு, பத்து நிமிடத்தில் எழுந்து போகிறவர்களும் உண்டு. நம் சங்கத்திலேயே இரு தரப்பும் இருக்கிறது.

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். 'இஷ்டார்' 1987 மே மாதம் வெளியானது. வாரன் பீட்டி, டஸ்டின் ஹாஃப்மன் என்ற இரண்டு பெரிய நட்சத்திரங்கள், மொராக்கோ பாலைவனத்தில் படப்பிடிப்பு, ஒளிப்பதிவுக்கு விட்டோரியோ ஸ்டொராரோ. செலவு சுமார் 5 கோடியே 10 லட்சம் டாலர். அமெரிக்காவில் வசூலானது 1 கோடியே 44 லட்சம் டாலர் அளவுக்குத்தான். படம் வருவதற்கு முன்பே, செலவு கைமீறிப் போய்விட்டது என்ற பேச்சுதான் பத்திரிகைகளில் ஓடியது. படத்தைத் தொடங்கிவைத்த ஸ்டூடியோ நிர்வாகம் அதற்குள் மாறியிருந்தது. புதிய நிர்வாகத்துக்கு இந்தப் படத்தின் மேல் ஒட்டுதல் இல்லை. எலெய்ன் மே அதற்குப் பிறகு கதைப்படம் ஒன்றும் இயக்கவில்லை. ஒரு தோல்விக்கு இவ்வளவு பெரிய தண்டனை நியாயமில்லை என்பது என் திடமான எண்ணம்.

விஎச்எஸ் கேசட்டாக வந்த படம், டிவிடி கோலோச்சிய காலம் முழுக்க வட அமெரிக்காவில் டிவிடியாக வரவே இல்லை. பார்க்க வழியில்லாத படத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மறுக்க ஆள் இருக்காது. கேரி லார்சன் என்ற கார்ட்டூனிஸ்ட், நரகத்தில் உள்ள வீடியோ கடையின் அலமாரி முழுக்க இந்தப் படம் மட்டுமே இருப்பதாக ஒரு கார்ட்டூன் வரைந்தார். வரைந்தபோது அவர் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பிறகு பார்த்து, ரசித்து, தன் புத்தகத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். அவருக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கையாக இருந்தது. 2011 ஜனவரியில் ப்ளூ-ரே வரும் என்று படத்தின் உரிமையாளரான சோனி அறிவித்து, பிறகு தள்ளிப்போட்டபோது, நம் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, கடிதங்களும் எழுதினோம்.

அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை இங்கே நினைவூட்டுவது அவசியம். "படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதில் சங்கம் கருத்துச் சொல்லாது, படம் கிடைக்க வேண்டும் என்பதில் சங்கம் ஒரே குரலில் நிற்கும்." இதற்குக் கையெழுத்திட்டவர்களில் படத்தைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் பழைய கேசட்டில் படத்தைப் பார்த்து வெறுத்தவர். "எனக்குப் பிடிக்காத படம்தான். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று ஒருத்தரிடம் வாதாட அவரும் பார்த்திருக்க வேண்டுமே!" என்று சொல்லி, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். சங்கம் என்பது இப்படிப்பட்டவர்களால்தான் நிற்கிறது.

எதிர்ப்பும் இருந்தது, அதையும் பதிவுசெய்கிறேன். உலகின் மகத்தான படங்கள் எத்தனையோ நல்ல பிரிண்ட் இல்லாமல் கிடக்கும்போது, நஷ்டப்பட்ட நகைச்சுவைப் படத்துக்காக எதற்கு இவ்வளவு கடிதம் என்று இளைய உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. என் பதில் இது: மகத்தானது என்று பெயர் எடுத்துவிட்ட படத்துக்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது, திரைப்பட விழா இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள். சிரிக்க வைக்க எடுத்து, தோற்றுப்போன படத்துக்கு ரசிகனைத் தவிர வேறு யாரும் கிடையாது. அதோடு நெகட்டிவை ஸ்கேன் செய்ய, நிறத்தையும் ஒலியையும் சரிசெய்ய, பாட்டு உரிமையைத் தீர்க்க என்று எல்லாவற்றுக்கும் செலவு ஆகும். ஒரு முறை நஷ்டம் தந்த படத்தில் மறுபடி பணம் போட உரிமையாளர் தயங்குவார். வாங்க ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். நம் கடிதங்களால்தான் டிஸ்க் வந்தது என்று நான் உரிமை கொண்டாடவில்லை. உலகெங்கும் எழுதியவர்களில் நாமும் இருந்தோம், அவ்வளவுதான்.

'இஷ்டார்' திரையிடலுக்கு வந்தவர்களுக்கு அந்த ஆரம்பக் காட்சி நினைவிருக்கும். திறமை குறைந்த இரண்டு பாடலாசிரியர்கள் ஒரு வரியை வைத்துக்கொண்டு, சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். வருவது சுமாரான வரி. அவர்கள் முகத்திலோ காவியம் எழுதிவிட்ட பூரிப்பு. பாடல்களை எழுதிய பால் வில்லியம்ஸ் தேர்ந்த பாடலாசிரியர். வேண்டுமென்றே மோசமாகவும், அதே சமயம் ஒருவன் நம்பி எழுதியதுபோலவும் எழுதுவது லேசான காரியம் இல்லை. அழகன் என்று பெயர் வாங்கிய பீட்டி இதில் பெண்களிடம் பேசத் தெரியாதவர், ஹாஃப்மன்தான் மன்மதன். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டை அரங்கில் பாதிப் பேர் ரசித்தார்கள், மீதிப் பேர் அசையவில்லை. பாலைவனப் பகுதி தொய்கிறது என்ற குறை எனக்கும் உடன்பாடே. கண் தெரியாத ஒட்டகம் வரும் இடங்களில் மட்டும் இரு தரப்பும் சேர்ந்து சிரித்தது.

அப்புறம் 'மேட் வேர்ல்ட்', புதைத்து வைத்த பணத்தைத் தேடி ஒரு கூட்டமே ஓடும் கதை. இதன் சிக்கல் வேறு. படம் வெற்றிதான், கேசட், டிஸ்க் என்று எப்போதும் கிடைத்துக்கொண்டும் இருந்தது. ஆனால் முழுசாகக் கிடைக்கவில்லை. 1963 நவம்பர் 7 அன்று ஹாலிவுட்டில் சினிராமா டோம் அரங்கமே இந்தப் படத்தோடுதான் திறக்கப்பட்டது. அப்போது மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பிறகு விநியோக நிறுவனம் அரை மணி நேரத்துக்கு மேல் வெட்டி, பொதுவெளியீட்டுக்கு அனுப்பியது. வெட்டிய துண்டுகள் பல தொலைந்தன. எஞ்சியவற்றில் சில ஒரு கிடங்கில் கிடைத்து, 1991-இல் 182 நிமிட வடிவம் லேசர் டிஸ்கிலும் (டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டு) கேசட்டிலும் வந்தது. அதற்குப் பின் வந்த டிவிடியில் மறுபடியும் குறுகிய வடிவம்தான். ரசிகர்களுக்கு எப்படி ஆத்திரம் வராமல் இருக்கும்?

இதில் திரையின் அகலத்தையும் சொல்ல வேண்டும். படம் எடுக்கப்பட்டது அல்ட்ரா பனாவிஷன் 70 என்ற மிக அகலமான படப்பிடிப்பு முறையில். சட்டகத்தின் உயரம் ஒன்று என்றால் அகலம் 2.76. பழைய டிவியின் அகலம் 1.33. டிவியின் உயரம் முழுக்க நிரப்பிப் போட்டால் படத்தில் பாதிக்கும் மேல் வெளியே போய்விடும். ஒருவர் தனியாக நின்று வசனம் பேசும் படமாக இருந்தால் சமாளிக்கலாம். இது ஒரு கூட்டமே ஒரே சட்டகத்தில் முண்டியடித்துக்கொண்டு, பணத்தை எப்படிப் பங்கு போடுவது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லும் படம். பேசுகிறவரைக் காட்டினால், அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் இருக்க மாட்டார். சிரிப்பே அந்தச் சுளிப்பில்தான் இருக்கிறது. சின்ன வயதில் டிவியில் பார்த்து "வெறும் கூச்சல்" என்று ஒதுக்கியவர்கள், அகலத் திரையில் பார்த்த பிறகு மனம் மாறியதை இந்த ஆண்டு நேரில் கண்டோம். மாறாதவர்களும் உண்டு. மூன்று மணி நேரக் கத்தல் யாருக்குமே அதிகம்தான் என்று அவர்கள் சொன்னதையும் குறித்துக்கொள்கிறேன்.

புதிய டிஸ்கில் உள்ள நீண்ட வடிவத்தை மீட்டமைத்தவர் ராபர்ட் ஹாரிஸ். படம் இல்லாமல் ஒலி மட்டும் கிடைத்த இடங்களில், படப்பிடிப்புப் புகைப்படங்களை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காட்சி சட்டென்று உறைந்து நிற்கிறது, குரல் மட்டும் தொடர்கிறது. இன்னும் சில இடங்களில் நிறம் மங்கி, துண்டு எங்கே ஆரம்பிக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரிகிறது. இது உறுத்துகிறது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்தத் தையல் தெரிவது பிடித்திருந்தது. தொலைந்ததைத் தொலைந்ததாகவே காட்டுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. பஸ்டர் கீட்டன் குறுகிய வடிவத்தில் கண் சிமிட்டும் நேரத்துக்குத்தான் வருகிறார், ஏன் வருகிறார் என்றே புரியாது. நீண்ட வடிவத்தில், போலீஸ் அதிகாரியாக நடித்த ஸ்பென்சர் டிரேசியோடு அவருக்கு ஒரு தொலைபேசி உரையாடல் இருக்கிறது, விஷயம் விளங்கிவிடுகிறது. மௌனப் பட மேதை ஒருவரின் காட்சியைத்தான் முன்பு வெட்டியிருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

1963-இல் இடைவேளையின்போதும் கதை நிற்கவில்லை. பணத்தைத் தேடி ஓடுகிறவர்களைப் பற்றிய போலீஸ் வயர்லெஸ் பேச்சு அரங்கில் ஒலித்தது. நம் திரையிடலிலும் அதேபோல் ஒலிபெருக்கியை வெளிநடை வரைக்கும் இழுத்துக் கட்டினோம். ஏற்பாடு செய்த தொழில்நுட்பக் குழுவுக்குச் சங்கத்தின் நன்றி.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் பார்க்க விற்கும் டிஸ்கை அப்படியே அரங்கில் போடும் உரிமை நமக்கு வராது. இரண்டு திரையிடல்களுக்கும் தனியாக அனுமதி பெற்றோம், அதனால்தான் அறிவிப்பு தாமதமானது. பழைய லேசர் டிஸ்கிலிருந்து எடுத்த நகல் இருக்கிறது, போட்டுவிடலாமே என்று அன்போடு ஒருவர் சொன்னதைச் செயற்குழு ஏற்கவில்லை. உறுப்பினர்களும் கூடுமானவரை அசல் டிஸ்கையே வாங்குங்கள். அடுத்த படத்தை வெளியிடலாமா என்று உரிமையாளர் பார்க்கப்போவது விற்பனைக் கணக்கைத்தான். வாங்கும் முன் பிராந்தியக் குறியீட்டைக் கவனியுங்கள். ஒரு பிராந்தியத்துக்கென்று வந்த டிஸ்க் இன்னொரு பிராந்தியத்தின் பிளேயரில் ஓடாமல் போகலாம். இது தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை வைக்கிறது. ஒன்று, வீட்டில் பழைய விஎச்எஸ் கேசட்டுகள் இருந்தால் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் எழுதிக் கொடுங்கள். காந்த நாடா நாளாக ஆகச் சிதையும், பூஞ்சை பிடிக்கும். எந்தெந்தப் படம் கேசட்டோடு நின்றுபோனது என்று தெரிந்தால்தான் எதற்காக எழுதுவது என்று முடிவெடுக்க முடியும். இரண்டு, அடுத்த கோரிக்கைப் படத்தைத் தேர்ந்தெடுக்கத் தனிக் குழு. அதில் நகைச்சுவைப் படமே பார்க்காத ஒருவராவது இருக்க வேண்டும் என்று தலைவர் விரும்புகிறார், எனக்கும் சம்மதம்.

குழுவில் சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். பட்டியல் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. இந்த அறிக்கையை விவாதத்துக்கும் ஒப்புதலுக்கும் முன்வைக்கிறேன்.

செயலாளர்