ஹாட்ஸ்பாட் எங்கே அறுகிறது? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளைக்கு,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். அவர் தேறும் வரை ஊரிலேயே இருந்து ஆபீஸ் வேலையைப் பார்க்கப் போகிறாய் என்பதும் நல்ல முடிவு. போன் ஹாட்ஸ்பாட் அடிக்கடி அறுகிறது, தனியாக டாங்கிள் (சிம் போட்டு நெட் எடுக்கும் சின்னக் கருவி) வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். அதே இடத்தில் வைத்தால் டாங்கிளும் அதே பாடுதான் படும்.

லேப்டாப்புக்கு நெட் வருவதற்குள் இரண்டு இணைப்புகளைத் தாண்டுகிறது: டவரிலிருந்து போனுக்கு ஒன்று, போனிலிருந்து லேப்டாப்புக்கு ஒன்று. லேப்டாப்பில் தெரியும் வைஃபை கோடுகள் இரண்டாவதை மட்டுமே காட்டும். நீ போனை மேசையில் பக்கத்திலேயே வைத்திருப்பதால் அது எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். கோளாறு பெரும்பாலும் முதல் இணைப்பில்.

அதை எண்ணாகவே பார்க்கலாம். போன் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் ‘சிம் ஸ்டேட்டஸ்’ திற. சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று மைனஸில் ஓர் எண் இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜியில் -85 என்றால் அருமை, -100 என்றால் சமாளிக்கலாம், -115 என்றால் வீடியோ மீட்டிங் கண்டிப்பாகத் திக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு நடை நட. ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நின்று பார், எண் மாற அவ்வளவு நேரம் பிடிக்கும். கான்கிரீட் அறையின் நடுவிலும் ஜன்னலோரத்திலும் 10, 15 வித்தியாசம் வருவது சாதாரணம். நல்ல எண் கிடைக்கும் இடத்தில் போனை வைத்துவிட்டு, லேப்டாப்போடு நீ தள்ளி உட்கார்.

அப்படித் தள்ளி உட்காரும்போது ஹாட்ஸ்பாட்டின் பேண்டை, அதாவது வைஃபை அலைவரிசையை, 2.4 கிகாஹெர்ட்ஸில் வை. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸிலேயே இருக்கும். சில போன்களில் ‘எக்ஸ்டெண்ட் கம்பாட்டிபிலிட்டி’ என்ற பெயரில் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம்தான், ஆனால் ஒரு சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். ஒரே அறை என்றால் மட்டும் அதை எடு. பழைய பிரிண்டர், பழைய டிவி எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸைக் கண்ணாலும் காணாது. பட்டியலில் பெயர் தெரிந்தும் அவை சேர மறுத்தால், ஹாட்ஸ்பாட்டின் செக்யூரிட்டியை (வைஃபை பாதுகாப்பு முறை) புதிய டபிள்யூபிஏ3-இலிருந்து பழைய டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பார்.

கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அறுகிறது என்றாயே, அதற்கு இரண்டு சந்தேகம் உண்டு. முதலாவது, எந்தச் சாதனமும் இணையாமல் இருந்தால் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துகொள்ளும். நீ சாப்பிடப் போகும்போது லேப்டாப் தூங்கிவிடும். பத்து, இருபது நிமிடத்தில் ஹாட்ஸ்பாட்டும் அணைந்துவிடும். ‘டர்ன் ஆஃப் ஆட்டோமேட்டிக்கலி’ என்பதை ஆஃப் செய்தால் சரியாகும். இரண்டாவது, உன் போனில் இரண்டு சிம் இருக்கிறது. பெரும்பாலான போன்களில் டேட்டா ஒரு சிம்மில் ஓடும்போது மற்ற சிம்முக்கு அழைப்பு வந்தால், பேசி முடிக்கும் வரை டேட்டா நின்றுவிடும். மீட்டிங் நேரத்தில் அந்த சிம்மை அணைத்துவை, அல்லது அதன் அழைப்புகளை வீட்டில் இருக்கும் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடு. ஹாட்ஸ்பாட் பொத்தானே மங்கலாகக் கிடந்தால், பெரும்பாலும் டேட்டா சேவர் ஆன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

தங்கச்சியின் ஐபோனை மாற்றாக வைத்துக்கொள்வதாக இருந்தால், ‘பர்சனல் ஹாட்ஸ்பாட்’ திரையைத் திறந்தபடியே வைத்திருந்து லேப்டாப்பை இணை. திரையை மூடிவிட்டுத் தேடினால் பல நேரம் பெயரே வராது. ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ போட்டால் அதுவும் 2.4-க்கு இறங்கும்.

உண்மையில் முக்கியமான மீட்டிங்குக்கு நான் சிபாரிசு செய்வது வைஃபையே இல்லை, யூஎஸ்பி கேபிள். கேபிளைச் செருகி ‘யூஎஸ்பி டெதரிங்’ (போன் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுப்பது) ஆன் செய். சார்ஜும் ஏறும், இரண்டாவது இணைப்பைப் பற்றிய கவலையும் விட்டது. ஆன் ஆகவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்று. மலிவான பல கேபிள்களில் சார்ஜ் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. கேபிள் நீளத்துக்குள் நல்ல சிக்னல் இடம் இல்லை என்றால் வைஃபைக்கே திரும்பு. புளூடூத் டெதரிங்கும் இருக்கிறது, பேட்டரி குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் வேகம் 1, 2 எம்பிபிஎஸ்தான். மெயில் பார்க்கலாம், அவ்வளவே.

அடுத்தது டேட்டா. உன் பிளான் நாளுக்கு 2 ஜிபி. அது தீர்ந்தால் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும், அதில் வாட்ஸ்அப் எழுத்து மட்டும் நகரும். விண்டோஸுக்கு இது போன் டேட்டா என்று தெரியாது; அப்டேட் என்று ஆரம்பித்தால் காலையிலேயே முழுவதையும் இழுத்துவிடும். லேப்டாப்பில் வைஃபை பெயரின் ப்ராப்பர்ட்டீஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (இது அளவான டேட்டா என்று விண்டோஸுக்குச் சொல்வது) ஆன் செய்துவை. இது அந்தப் பெயருக்கு மட்டும்தான் பொருந்தும், ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினால் மறுபடி செய்யவேண்டும். யூஎஸ்பியில் இணைத்தால் அது ஈதர்நெட் என்று வரும். அங்கேயும் தனியாக ஆன் செய்யவேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வீடியோ மீட்டிங் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி எடுக்கும். உன் கேமராவை அணைத்தாலே கணிசமாகக் குறையும்.

ஆபீஸ் விபிஎன்-ஐ (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாகப் போகும் இணைப்பு) லேப்டாப்பில் போடு. ஆண்ட்ராய்டில் போனில் போடும் விபிஎன் சாதாரணமாக ஹாட்ஸ்பாட்டில் இணைந்த லேப்டாப்பைக் காக்காது.

ஜன்னலோரம் வைக்கச் சொன்னேனே, மேற்குப் பக்க ஜன்னல் என்றால் மதியம் எடுத்துவிடு. வெயில், சார்ஜ், ஹாட்ஸ்பாட் மூன்றும் சேர்ந்தால் போன் கொதிக்கும். கொதித்தால் தானே வேகத்தைக் குறைக்கும், சார்ஜையும் நிறுத்தும். பின்கவரைக் கழற்றிவிட்டு நிழலில், துணி மேல் வைக்காமல், காற்றுப் படும்படி வை.

வீட்டைச் சுற்றிப் பார்த்ததும் எந்த இடத்தில் என்ன எண் வந்தது என்று எழுது. எங்குமே -110-ஐத் தாண்டி முன்னே வரவில்லை என்றால், அந்த ஊரில் வேறு எந்தக் கம்பெனி சிம் நன்றாக எடுக்கிறது என்று பக்கத்து வீட்டுப் போன்களிலும் பார்த்துச் சொல். அப்பாவுக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்