சனிக்கிழமை மாலைக் கூட்டம்: கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களே, பெரியவர்களே,

வணக்கம். மதுரையில் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் பயனர் குழுவின் மாலைக் கூட்டம் சென்ற சனிக்கிழமை நல்லபடியாக நடந்தது. கணினி தமிழ் எழுத்தை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் அன்றைய பேச்சு. வந்தவர்கள் பலர் அன்று இரவே வாட்ஸ்அப்பில் பாராட்டி எழுதினார்கள். ஆனால் அந்தப் பாராட்டுக்கு உரியவர்களில் பாதிப் பேர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. சிலருக்கு நிரல் எழுதுவதே தொழில் இல்லை. அவர்களிடமும் போய்ச் சேரட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் டியூஷன் சார். தல்லாகுளத்தில் அவருடைய வகுப்பறையைத்தான் எங்களுக்குக் கொடுத்தார். சனிக்கிழமை மாலை பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு உண்டு. அதைக் காலைக்கு மாற்றி, ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் செய்து சொல்லியிருக்கிறார். வாடகை என்று பேச்செடுத்தபோது, "படிக்கிறதுக்குத்தானே தம்பி வர்றீங்க, அப்புறம் என்ன வாடகை?" என்று முடித்துவிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாலே பெரிய உதவி. அவரோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பேச்சையும் கேட்டார், குறிப்பும் எடுத்தார்.

அடுத்து, மகளிர் விடுதியின் காப்பாளர் அம்மாவுக்கு. எங்கள் கூட்டம் வழக்கமாக ஆறரை மணிக்குத் தொடங்கும். விடுதி மாணவிகள் இரவு எட்டுக்குள் உள்ளே இருக்க வேண்டும் என்பதால் பாதியில் எழுந்து போவார்கள், இல்லையென்றால் வரவே மாட்டார்கள். இந்த முறை நாங்கள் நாலரைக்கே தொடங்குவதாகச் சொன்னதும், அவர் நேரில் வந்து இடத்தைப் பார்த்தார். எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு அனுப்பி வைத்தார். அந்தப் பிள்ளைகள் வந்ததால் கூட்டம் எவ்வளவு மாறியது என்பதைப் பிறகு சொல்கிறேன். பயனர் குழு நடத்தும் மற்ற ஊர் நண்பர்களுக்கும் இது: நேரத்தை முன்னால் நகர்த்திப் பாருங்கள். வேலை முடிந்து வருகிற ஆண்களுக்கு வசதியான நேரம் எல்லோருக்கும் வசதியான நேரம் ஆகாது.

பேச வந்தவர் திருநெல்வேலித் தோழி. நூலகப் பட்டியல்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர். பஸ் கட்டணத்தைக்கூட வாங்க மறுத்துவிட்டார். புரொஜெக்டர் தயாராக இருந்தும், சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்துக் கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் போட்டார். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று கட்டத்துக்கு ஒன்றாக நிரப்பினார். "தமிழ் என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து?" என்று கேட்டார். மூன்று என்றோம். "பைத்தானில் லென் போட்டுப் பாருங்கள்" என்றார். நீளத்தை எண்ணும் கட்டளை அது. எழுத்து, குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணி 5 என்று வந்தது. அதையே யூடிஎஃப்-8 என்ற முறையில் கோப்பில் சேமித்தால், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக 15 பைட். சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னார். புள்ளி முதலில் தனியே வந்து நின்றது, ழகரத்தோடு இகரம் போய் ஒட்டிக்கொண்டு ‘ழி’ ஆனது, பின்னால் ம, த. நமக்கு வேண்டியது ‘ழ்மித’. இதற்குத்தான் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு இருக்கிறது என்று காட்டினார். முத்து அண்ணாமலையும் அவரோடு உழைத்த தன்னார்வலர்களும் அதைச் செய்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இங்கிருந்தே எங்கள் நன்றி.

இந்த இடத்தில்தான் டியூஷன் சார் கையைத் தூக்கினார். "அப்போ ‘கொ’ எப்படி? முன்னால ஒரு கொம்பு, பின்னால ஒரு கால் இருக்கே?" தோழியின் முகம் மலர்ந்துவிட்டது. அதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்று விளக்கினார். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று வரலாம். அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்றாகவும் வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். பைத்தானிடம் இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் கொடைக்கானல், தேடினால் கிடைக்காமல் போவது இப்படித்தான். யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் பொதுத் தரம். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஒரு வரி போதும், இரண்டும் ஒன்றாகிவிடும். தன் அலுவலகப் பட்டியலில் சில பெயர்கள் தேடலில் சிக்காமல் போன காரணம் இப்போதுதான் புரிகிறது என்று ஒரு நண்பர் அப்போதே எழுந்து சொன்னார்.

இனி அச்சக ஐயாவைப் பற்றி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகங்களில் புரூஃப் பார்த்தவர். எங்கள் உறுப்பினர் ஒருவரின் அண்டை வீட்டுக்காரர். பழைய கோயில் விழா மலர்களும் கல்யாண வாழ்த்து மடல்களும் நிறைந்த பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் தெரியும். "இதுல எங்க ஊர்த் திருவிழாக் கதை எல்லாம் இருக்கு, யாரும் படிக்க முடியாமப் போயிரக் கூடாது" என்றார். அன்றைய பேச்சுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்திருக்காது. பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடிப்பார்கள், கண் பார்க்கும் வரிசை அது. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு அடுத்து. எனவே வெறுமனே ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போதாது. இடம் மாற்றவும் வேண்டும். தோழி அந்த நிரலை எங்கள் முன்னாலேயே எழுதிக் காட்டினார். மலரின் முதல் பக்கம் யூனிகோடில் திரையில் வந்தபோது ஐயா எழுந்து பக்கத்தில் போய் நின்று வாய்விட்டுப் படித்தார்.

படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, "இது கால் இல்லையே, ரகரமால்ல இருக்கு" என்றார். கால் போட வேண்டிய இடத்தில் யாரோ அந்தக் காலத்தில் ரகரத்தை அடித்திருக்கிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அப்போது முன்வரிசையிலிருந்து பேசினார் எங்கள் பார்வையற்ற நண்பர். திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை வைத்து நிரல் எழுதுகிறவர் அவர். "ஐயா, எனக்கு இந்தப் பிழை உடனே தெரிஞ்சிடும். காலம்னு வர வேண்டிய இடத்துல கரலம்னு கேட்கும்" என்றார். ஔவையாரை ஒகரமும் ளகரமுமாக அடித்திருந்தால் அவருக்கு அது ‘ஒளவையார்’ என்று நான்கசையாகக் கேட்குமாம். கண் ஏமாறும் இடத்தில் காது ஏமாறுவதில்லை. ஐயா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்து அச்சகத்தில் ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாகப் படிப்பாராம், இன்னொருவர் அச்சான தாளைப் பார்த்துத் திருத்துவாராம். படிக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் அந்த வழக்கம் நின்றுபோனது என்றார். அதே வேலையைத் திரைவாசிப்பானைக் கொண்டு செய்ய முடியும் என்று அந்த இருவரும் பேசிக்கொண்டதை நாங்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்து கேட்டோம். அன்று மாலை நடந்தவற்றில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பேச்சைத்தான். ஒரு புரூஃப் ரீடரும் பார்வையற்ற நிரலாளரும் ஒரே பெஞ்சில் உட்கார வேறு எந்த இடம் வாய்த்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பிழைகளைத் தேடும் சிறு நிரலைச் சேர்ந்தே எழுதினோம். ஒகரத்தை அடுத்து ளகரம் வந்து, அதன்மேல் குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் சந்தேகப்படு என்பது விதி. ‘ஒளி’ தப்பிவிடும், ‘ஒளவை’ மாட்டும். ரகரத்துக்கு அப்படி எளிய விதி கிடையாது. மரமும் கரமும் நல்ல சொற்கள்தானே. அதற்குச் சொற்பட்டியலோடு ஒப்பிட்டுச் சந்தேகமான இடங்களை மட்டும் மஞ்சள் நிறத்தில் காட்டச் செய்தார் தோழி. நிரல் தானாக எதையும் திருத்தாது, ஐயா பார்த்துத்தான் முடிவு செய்வார். அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

விடுதி மாணவிகள் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மலரில் நன்கொடையாளர் பட்டியலை அகர வரிசையில் அடுக்க வேண்டியிருந்தது. பைத்தானில் வரிசைப்படுத்தும் சார்ட்டட் கட்டளை, யூனிகோட் குறியெண் வரிசையில்தான் அடுக்கும். இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றி மற்ற இந்திய எழுத்துகளுக்கு இணையாகத் தமிழையும் அடுக்கியதால், யூனிகோடில் னகரம் நகரத்தின் பக்கத்திலும் றகரம் ரகரத்தின் பக்கத்திலும் இருக்கின்றன. எனவே மனம், மயில், மரம், மறதி, மலர், மழை என்று வரும். அகராதியில் மயில், மரம், மலர், மழை, மறதி, மனம் என்றல்லவா வர வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, பதினெட்டு மெய்களையும் நம் வரிசையில் எழுதி, அதையே அடுக்கும் சாவியாக, அதாவது வரிசைக்கு அளவுகோலாக, கொடுத்துச் சரிசெய்தார். ஐயா எட்டிப் பார்த்து, "அம்மா, புள்ளி எழுத்து முன்னால வரணும். அக்கா வந்தப்புறம்தான் அகம்" என்றார். "சரிங்க ஐயா" என்று அதையும் சேர்த்தார். இப்படி இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய நிரல் அது. அந்த மாணவி இதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை என்று அவருடைய தோழிகள் சொன்னார்கள். அடுத்த முறை பேசப் போவது அவர்தான், ஒப்புக்கொண்டுவிட்டார்.

கேள்வி நேரத்தில் இன்னொன்றும் வந்தது, பலருக்குப் பயன்படும் என்பதால் எழுதிவிடுகிறேன். பைத்தானோடு வரும், உரையில் தேடவும் பிரிக்கவும் உதவும் ஆர்இ மாட்யூலில் சொற்களைப் பிரிக்கச் சொன்னால் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. தமிழ் என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடைந்துவிடும். தமிழ்ச் சொற்களை எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்து நிமிடப் பேச்சுகள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. குறிப்பாகத் தன் குடும்பத்துச் சுங்குடிப் புடவைக் கடையின் இருப்பை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் வைத்திருப்பதைக் காட்டிய தம்பிக்கு. எதிர் டீக்கடை அக்கா இஞ்சி டீயும் சுண்டலும் சொன்ன நேரத்துக்கு மாடிக்கே அனுப்பினார். கூட்டம் முடிகிற வரை கடையையும் மூடவில்லை. நாற்காலி அடுக்கிய, ஒயர் இழுத்த, கடைசியில் அறையைப் பெருக்கிக் கரும்பலகையைத் துடைத்த எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நாங்கள் நேரில் பார்க்காதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பைத்தானின் முதல் வெளியீடு 1991இல் வந்தது. யூனிகோடின் முதல் பதிப்பும், தமிழ் எழுத்துகளோடு, அதே ஆண்டில்தான் வந்தது. இரண்டும் நன்றாகப் பொருந்தி வர 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் நிரலில் வரும் தமிழ் உரைத்துண்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் தனி அடையாளம் போட்டு எழுதியவர்களுக்கு அந்த அருமை தெரியும். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமுக்கும் அவரோடு உழைத்தவர்களுக்கும் நன்றி. எங்கள் நண்பர் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானை 2006இல் தொடங்கியவர் மைக்கேல் கரன், அவரோடு சேர்ந்து வளர்த்தவர் ஜேம்ஸ் டே. இருவரும் பார்வையற்ற ஆஸ்திரேலிய நிரலாளர்கள். அது இன்றும் இலவசம். தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் நண்பர்களின் கட்டுரைகளைப் படித்துத்தான் எங்களில் பலர் நிரலுக்கே வந்தோம். மாதந்தோறும் நான்காம் சனிக்கிழமை விடாமல் கூடும் சென்னை பைத்தான் பயனர் குழுவைப் பார்த்துத்தான் நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

பாமினியை யூனிகோடாக மாற்றும் நிரல், பிழை காட்டும் நிரல், அகர வரிசைச் சாவி மூன்றையும் கட்டற்ற உரிமத்தில் பொதுவில் வைக்கப் போகிறோம். எழுதியவர்கள் பட்டியலில் ஐயாவின் பெயரையும் எங்கள் நண்பரின் பெயரையும் சேர்க்க அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். அடுத்த கூட்டமும் அதே அறையில், நாலரை மணிக்கு. வீட்டில் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் எடுத்து வாருங்கள். நிரல் தெரிய வேண்டும் என்பதில்லை.

அன்புடன்,
பயனர் குழுவின் சார்பில்,
மதுரை