சென்ற கூட்ட அறிக்கையை முதலில் வாசியுங்கள்

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், இங்கு வாக்குக் கேட்டு வந்த, இனியும் வரவிருக்கும் கட்சிகளின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். எங்கள் கிராமத்துச் சனசமூக நிலையத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் கூட்ட அறிக்கைப் புத்தகம் எழுதி வந்தவன். எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன். உங்களில் சிலருக்கு வாக்களித்திருக்கிறேன், சிலருக்கு வாக்களிக்க மறுத்திருக்கிறேன். இந்த மடல் இரு சாராருக்கும் உரியது.

2024 நவம்பர் 14 அன்று நடந்த பொதுத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னர், காலபோக (மாரிகால நெற்செய்கை) விதைப்பு நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், வேட்பாளர் ஒருவர் எங்கள் வாசிகசாலைக்கு வந்தார். மாலை போட வந்தவர்களைத் தடுத்தார். ஒலிவாங்கியையும் வாங்கவில்லை. வாங்கில் அமர்ந்து, ஒரு கொப்பியை விரித்து வைத்து, ஒவ்வொருவரும் தமது பிரச்சினையைச் சொல்லலாம் என்றார். மழை காலத்தில் நீருக்குள் போகும் வயல் வீதியைப் பற்றி ஒருவர் சொன்னார். 1977 கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பமொன்று, மூன்றாவது தலைமுறையிலும் காணி அனுமதிப்பத்திரம் கிடைக்காததைச் சொன்னது. யானை வேலியைப் பற்றிச் சிலர் சொன்னார்கள். 2009 மே மாதம், போரின் இறுதி நாட்களில், வட்டுவாகலில் மகனைப் படையினரிடம் கையளித்த தாய் ஒருவர், எல்லோரும் சொல்லி முடியும்வரை காத்திருந்து, மகனின் பெயரையும் வயதையும் மட்டும் சொன்னார். வேட்பாளர் அனைத்தையும் எழுதினார். பெயரின் எழுத்துகளைக்கூட இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தார்.

மறுநாள் அந்தத் தாய் என்னிடம், "எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போனவர், மாஸ்ரர்" என்றார். பல ஆண்டுகளாக நான் அவரிடம் கேட்டிராத ஒரு நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

அந்த வேட்பாளர் வென்றாரா தோற்றாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. ஒருவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்துவது என் நோக்கமன்று. எழுதிக்கூடக் கொள்ளாமல் போனவர்களே இங்கு அதிகம். நான் சொல்ல விரும்புவது அதன் பிறகு நடந்ததைத்தான். அந்தக் கொப்பியிலிருந்து எங்களுக்கு ஒரு வரிகூடத் திரும்பி வரவில்லை. வீதி திருத்தப்படவில்லை என்பதற்காக எவரும் கோபப்படவில்லை. ஒரு வீதிக்கு மதிப்பீடும் நிதியும் கேள்விப்பத்திரமும் வேண்டுமென்பதையும், அவற்றுக்கு ஆண்டுகள் ஆகலாமென்பதையும் எங்கள் சனம் நன்கறியும். கேட்டுப் பார்த்தேன், இந்த ஆண்டு ஆகாது என்கிறார்கள் என்று ஒரு சொல் வந்திருந்தால், அதை அறிவித்தல் பலகையில் ஒட்டி வைத்திருப்போம். அந்தத் தாயோ, கொப்பியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நீங்கள் எங்களிடமிருந்து விலகி நிற்பதற்குக் காரணம் பேச்சுத் திறன் குறைவு என்றோ, கொள்கைத் தெளிவின்மை என்றோ உங்கள் கட்சிக் கூட்டங்களில் ஆராயப்படலாம். கிராமத்திலிருந்து பார்க்கும் எனக்கு அது அப்படித் தெரியவில்லை. வன்னியில் மரண உதவிச் சங்கமாக இருந்தாலும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாக இருந்தாலும், கூட்டம் தொடங்கியதும் சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்படும். எடுத்த தீர்மானங்களில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்று செயலாளர் எழுந்து நின்று சொல்லியாக வேண்டும். அதை ஒருவர் முன்மொழிந்து, மற்றொருவர் வழிமொழிந்த பின்னரே அன்றைய விடயம் எடுக்கப்படும். இருபது பேர் கொண்ட சங்கங்களுக்கே இருக்கும் இந்த வழக்கம் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களிடம் வரும் உங்களிடம் இல்லை. நீங்கள் ஒவ்வொரு முறையும் எங்களிடம் முதற்கூட்டத்துக்கு வருபவர்களைப் போலவே வருகிறீர்கள்.

இல்லை என்று சொன்னால் வாக்கு இழந்துவிடுவோம் என்ற அச்சம் உங்களில் பலருக்கு இருப்பதை நான் அறிவேன். அந்த அச்சத்தைப் போக்க, ஒரு போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வந்து பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறுபோக (கோடைகால நெற்செய்கை) கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து, குளத்தில் இன்று இத்தனை அடி நீர் நிற்கிறது, இதைக் கொண்டு இத்தனை ஏக்கர்தான் செய்யலாம் என்பார். முழு வயலும் விதைக்க ஆசைப்பட்டு வந்தவர்களின் முகத்துக்கு நேரே அவர் மறுப்புச் சொல்கிறார். சத்தம் எழும், சிலர் எழுந்து வாதாடுவார்கள், வாய்க்கால் கடைசியில் வயல் உள்ளவர்கள் தமது பங்கைப் பற்றி முறையிடுவார்கள். ஆனால் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள், கால்நடைகளை அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் அந்தக் கூட்டத்திலேயே முடிவாகி, எல்லோரும் கேட்க அறிவிக்கப்பட்டு, எழுதப்படும். கிளிநொச்சியில் இரணைமடுவின் கீழும் சிறுபோகம் பங்கு பிரித்துத்தான் செய்யப்படுகிறது. தனக்குக் கிடைத்த பங்கு போதாது என்று வீடு திரும்பும் கமக்காரனும் அந்தப் பொறியியலாளரை அடுத்த நாள் வீதியில் கண்டால் வணக்கம் சொல்வான். கணக்கை அவர் மறைக்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. 1977 இல் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகியன தனித்தனித் தொகுதிகளாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினர் இருந்தார். விகிதாசார முறையில் நடந்த 1989 பொதுத் தேர்தலிலிருந்து மூன்றும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம்; இப்போது அதற்கு ஆறு உறுப்பினர்கள். மன்னார்க் கடற்கரையிலிருந்து கொக்கிளாய் வரை, 6,500 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் ஆறு பேரும் எல்லோருக்கும் உறுப்பினர்கள். அதனால் எங்கள் கிராமம் எவருடைய பொறுப்பு என்று எவருக்கும் தெரியாது. ஒரு பட்டியலில் ஒன்பது பேர் நின்று, ஒரே கட்சிக்குள்ளேயே விருப்பு வாக்குக்காகப் போட்டியிடும்போது, தொலைவில் உள்ள ஐம்பது குடும்பங்களைவிடச் சந்தியில் கூடும் ஐந்நூறு பேர் கண்ணுக்குத் தெரிவது இயல்புதான். கிளிநொச்சி மக்களின் நிலை இன்னும் வேறு; வன்னி மண்ணில் வாழ்ந்துகொண்டு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறார்கள். வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்த பிறகு அதற்குத் தேர்தல் நடத்தப்படாததால், பாடசாலை, வைத்தியசாலை, கமம் பற்றிக் கேட்க இருந்த நடுப்படியும் இல்லாமல் போனது. இவை உங்கள் தனிப்பட்ட குற்றங்கள் அல்ல. ஆயினும் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குச் சட்டத் திருத்தமோ மாகாண சபையோ தேவையில்லை.

காணி விடயத்தில் இது எங்களை எவ்வளவு வருத்தியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2025 மார்ச் 28 இல் வெளியான வர்த்தமானி, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டுமென்றது. அதில் முல்லைத்தீவு மாவட்டக் காணிகளும் இருந்தன. உங்களில் பலர் அதை நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எதிர்த்தீர்கள். விடயம் உயர் நீதிமன்றம்வரை சென்றது. இறுதியில் அந்த அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. அதற்காக எங்கள் நன்றி உங்களுக்கு உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரங்களில் எங்கள் கிராமத்தில் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 2009 இல் பங்கரிலிருந்து பங்கராக ஓடிய எங்களில் பலர், உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் எங்கே தவறவிட்டோம் என்றுகூடச் சொல்ல முடியாதவர்கள். போரின் பின் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் முகாமிலிருந்து திரும்பியபோது, வளவைக் கிணற்றையும் பனையையும் வைத்து அடையாளம் கண்டவர்கள். பட்டியலில் தமது துண்டு உள்ளதா, எந்தப் பத்திரத்தைக் காட்டுவது, வெளிநாட்டிலுள்ள சகோதரனின் பங்குக்கு யார் கையொப்பமிடுவது என்று அவர்கள் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தார்கள். மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கான பிரசாரமும் அதே நாட்களில்தான் நடந்தது. மேடைகளில் வர்த்தமானி முழங்கியது. வேட்பாளர்களின் வாகனங்கள் எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்தன. ஆனால் எங்கள் வாசிகசாலையில் அமர்ந்து அந்த அறிவித்தலை ஒரு தடவை வாசித்து விளக்க எவரும் வரவில்லை. அண்ணளவாக ஒன்றரை மணித்தியால வேலை அது. ஒரு சட்டத்தரணியை அழைத்து வந்து அதைச் செய்திருந்தால், அந்த வாரத்தில் பலர் இரவில் நித்திரை கொண்டிருப்பார்கள்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் நீங்கள் அதிகாரிகளுடனும் ஒருவரோடொருவரும் மோதிக்கொள்ளும் காட்சிகளை நாங்கள் கைத்தொலைபேசியில் பார்க்கிறோம். சில நிமிடங்களே வெட்டி எடுக்கப்பட்டு வருவதால், யார் யாரை வாயடைக்கச் செய்தார் என்பது தெரிகிறது. நாயாற்றிலும் கொக்கிளாயிலும் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதைப் பற்றி அங்கு என்ன முடிவானது என்பது தெரிவதில்லை. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலைக்கு 2017 இலேயே சட்டத்தால் தடை வந்துவிட்டது. அந்தத் தடையை நடைமுறைப்படுத்த நீங்கள் எந்த அமைச்சிடம், எப்போது, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பது எங்கள் கரைவலைக்காரருக்குக் காணொளியைவிடப் பயன்படும்.

2024 முடிவைப் பற்றியும் ஒரு சொல். வன்னியின் ஆறு இடங்களில் இரண்டு தேசிய மக்கள் சக்திக்கும், மீதி நான்கு நான்கு வெவ்வேறு கட்சிகளுக்கும் சென்றன. தமிழ் மக்கள் தமது அரசியலைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். ஆறு மாதத்துக்குள் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் இலங்கைத் தமிழரசுக் கட்சி முன்னுக்கு வந்ததும், மக்கள் திரும்பிவிட்டார்கள் என்று வேறு சிலர் எழுதினார்கள். எங்கள் கிராமத்தில் நான் பேசிப் பார்த்தவரை, மாற்றி வாக்களித்தவர்களில் அநேகர் தமது உரிமை பற்றிய எண்ணத்தை மாற்றவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி முதல் வவுனியாவில் வீதியோரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். எத்தனையோ தாய் தந்தையர் விடை அறியாமலே கண் மூடிவிட்டார்கள். அந்தப் பந்தலுக்கு எல்லா நிறக் கட்சியினரும் வந்து போயிருக்கிறார்கள். வந்தவர்கள் திரும்பி வரவில்லை என்பதே நான் அதிகம் கேட்ட குறை.

உங்கள் கூட்டங்களில் முன்வரிசை யாருக்கு என்பதையும் தயவுசெய்து கவனியுங்கள். தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் மாலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்பார்கள். 1990 இல் வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்தின் பின் முசலிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும், மேலே சொன்ன மலையகக் குடும்பங்களும், கூட்டத்துக்கு அறிவித்தல் போய்ச் சேராத ஓரங்களிலேயே வாழ்கின்றன. அவர்கள் பேசவில்லையென்றால், பிரச்சினை இல்லை என்று கொள்ள வேண்டாம்.

எங்கள் வட்டாரப் பிரதேச சபை உறுப்பினரை நாங்கள் கடை வாசலில் மறித்துக் கேட்கலாம். அவரும் நின்று பதில் சொல்வார். அவருடைய கையில் உள்ளவை தெருவிளக்கும் சந்தையும் சிறு வீதிகளும்தான். உங்கள் கட்சிகள் அவரைப் போன்றவர்களைத் தேர்தல் காலத்தில் சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு மட்டும் நினைக்காமல், எங்கள் கேள்விகளை உங்களிடமும் உங்கள் பதில்களை எங்களிடமும் எடுத்து வரும் பொறுப்பில் வைத்தால், ஆறு பேரால் முடியாத தூரம் ஓரளவு குறையும்.

2024 நவம்பர் மாதத்து அந்த மாலையில் சொல்லப்பட்டவற்றை, வேட்பாளர் கொப்பியில் எழுதியபோது நான் எங்கள் அறிக்கைப் புத்தகத்திலும் எழுதினேன். மொத்தம் பதினேழு விடயங்கள். பதினேழாவது, அந்தத் தாயின் மகனுடைய பெயரும் வயதும். உங்களில் எவர் கேட்டாலும் பிரதி எடுத்துத் தருவோம். எந்தக் கட்சி என்று கேட்க மாட்டோம். அடுத்த காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமை, பெண்களும் வரக்கூடிய வகையில் காலை பத்து மணிக்கு வாசிகசாலையைத் திறந்து வைப்போம். மாலையும் பந்தலும் இருக்காது. பதினேழையும் நான் வாசிப்பேன். ஒவ்வொன்றுக்கும் நடந்தது, நடக்கவில்லை, நடக்காது என்ற மூன்றில் ஒன்றைக் காரணத்தோடு சொல்ல ஒருவர் வந்தால் போதும்.

இங்ஙனம்,
ஒட்டுசுட்டான் பகுதிக் கமக்காரர் ஒருவர்