எல்லாவற்றுக்கும் ஒரே லேப்டாப்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய மூன்று லேப்டாப்களின் விவரத்தையும் படித்தேன். ஒன்று கேம் ஆடுவதற்கென்றே செய்தது. இன்னொன்று திரையை முழுக்கத் திருப்பினால் டேப்லெட் ஆகிறது. மூன்றாவதுக்கு விலை குறைவு என்பதைத் தவிர வேறு பெருமை இல்லை. எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்றுமே வேண்டாம்டா. காரணம் சொல்லாவிட்டால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இத்தனை வருடம் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடியதில் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. வாங்கிய பிறகு மாற்ற முடியாதது எதுவோ, பணத்தை அதில் போடு. வெளியிலிருந்து செருகிக்கொள்ளக் கூடியது எதுவோ, அதில் கையை இறுக்கு. எடை, திரை, கீபோர்டு மூன்றும் வாங்கியது வாங்கியதுதான். மெல்லிய மாடல்கள் பலவற்றில் இப்போது ரேமும், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகமும், அப்படி ஆகிவிட்டது. மதர்போர்டு என்கிற முக்கிய சர்க்யூட் பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். பிரவுசரில் வரிசையாகப் பக்கங்களைத் திறந்து வைத்து, நடுவே வீடியோ காலும் பேசுகிறவன் நீ. 16 ஜிபிக்குக் கீழே இறங்காதே. பல கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் பராமரிப்புக் கையேட்டைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகப் போடுகின்றன. அதை இறக்கிப் பார்த்தால் ரேமுக்குத் தனி ஸ்லாட் இருக்கிறதா, பேட்டரியைக் கழற்ற எத்தனை திருகு என்பதுவரை படம் போட்டிருக்கும். விளம்பரப் பக்கத்தில் ஒரு மணி நேரம் செலவழிப்பதைவிட இதில் பத்து நிமிடம் செலவழி.

எஸ்எஸ்டி, அதாவது ஃபைல்களைச் சேமிக்கும் உள் டிரைவ், பெரும்பாலும் பிறகு மாற்றக் கூடியதுதான். 512 ஜிபி போதும். உன் போட்டோக்களுக்கு எப்படியும் வெளி டிரைவில் ஒரு நகல் வேண்டும். அந்த விலை குறைந்த மெஷினில் எஸ்எஸ்டிக்குப் பதில் 64 ஜிபி இஎம்எம்சி என்கிற மலிவான சேமிப்பைப் போட்டிருக்கிறது, கவனித்தாயா? விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. அப்டேட் வரும்போதெல்லாம் எதை அழிக்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பாய்.

உன் பழைய மெஷினைத் தட்டிக்கொட்டி ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். அதில் ஓடுகிற விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, பாதுகாப்பு அப்டேட் உட்பட, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பேத்திக்குக் கொடுக்கலாம். விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பேங்க் வேலைக்கு வேண்டாம்.

எடைக்கு வருகிறேன். 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1-ஐயும் கையில் எடுத்துப் போகும் கம்ப்யூட்டர் என்றுதான் விற்றார்கள். 11 கிலோ, 5 அங்குலத் திரை, உள்ளே பேட்டரி கிடையாது! உன் கேம் லேப்டாப் அந்த அளவுக்கு மோசமில்லை, இரண்டரை கிலோதான். ஆனால் அதன் சார்ஜரும் ஒரு செங்கல். அதன் எடையை விவரத்தில் யாரும் எழுதுவதில்லை. வாரத்தில் பாதி நாள் பையோடு அலைகிறவனுக்கு ஒன்றேகால், ஒன்றரை கிலோவுக்குள் 14 அங்குலம் சரி. வீட்டில் பெரிய திரை வேண்டுமானால் ஒரு மானிட்டரை மேஜையில் வைத்துவிடு. ராத்திரி விளையாட்டுக்கு அந்த மெஷின்தான் வேண்டும் என்பாய். சின்ன விளையாட்டுகளை இப்போதைய சாதாரண கிராபிக்ஸே ஓட்டும். பெரியவை வேண்டுமென்றால் வீட்டில் தனியாக ஒரு கேம் கன்சோல் இருக்கட்டும். விசிறி இரைச்சலையும் சூட்டையும் மீட்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போகாதே.

திரையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஃபுல் எச்டி என்று பார்த்ததும் திருப்திப்பட்டு விடுகிறார்கள். புள்ளிகள் எத்தனை என்பது மட்டும் போதாது, நிறம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று சின்ன எழுத்தில் இருந்தால் சிவப்பு வெளுத்துத்தான் தெரியும். அதைப் பார்த்து நீ போட்டோவில் நிறத்தை ஏற்றினால், வேறொரு திரையில் முகமெல்லாம் தக்காளிப் பழம். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதை வாங்கு. திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் சொல்வார்கள். 250 நிட்ஸ் என்றால் ஜன்னலோரம் உட்கார முடியாது, 400 இருந்தால் நிம்மதி. அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதம் 16:9 உள்ள திரையைவிட 16:10 திரை சற்று உயரம் கூடுதல், கடிதமும் கணக்கும் எழுதுகிறவனுக்கு அந்த உயரம் உதவும். கடைக்குப் போனால் திரையைச் சாய்த்தும் பக்கவாட்டிலிருந்தும் பார். கீபோர்டில் ஒரு முழுப் பத்தி தட்டிப் பார். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

திருப்பினால் டேப்லெட் ஆகிறதே, பேத்தி படம் வரைவாள் என்று ஆசைப்படுகிறாய். மேஜையில் வைத்து வரைய அது நல்லதுதான். ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் உள்ள பலகையைக் குழந்தை கையில் பிடித்து வரையாது. பேனா கூடவே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்றும் அதில் சொல்லவில்லை. பளபளக்கும் தொடுதிரையில் விளக்கின் பிம்பம் வேறு விழும். அவளுக்கு ஒரு சாதாரண டேப்லெட் வாங்கிக் கொடு. உன் மெஷினும் தப்பிக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுஎஸ்பி-சி துளை இருந்தால் மட்டும் ஆகாது. அதில் சார்ஜ் ஏறுமா, மானிட்டருக்குப் படம் போகுமா என்று விவரத்தில் தேடு, எல்லாத் துளையும் எல்லாம் செய்யாது. பேட்டரிக்கு இத்தனை மணி நேரம் என்று அவர்கள் சொல்வது மங்கலான வெளிச்சத்தில் வீடியோ ஓட்டிப் பார்த்த கணக்காக இருக்கும். பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று சொல்கிற வாட்-அவர் எண்ணைப் பார், 55-க்கு மேல் இருக்கட்டும். விமானத்தில் 100 வாட்-அவர் வரை தனி அனுமதி கேட்காமல் கையோடு விடுவார்கள். ப்ராசஸர் பெயருக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதே, இந்த ஓரிரு வருடத்தில் வந்த நடுத்தரம் எதுவும் உன் வேலைக்குத் தாங்கும்.

பணம் கட்டும் முன் மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை எனக்கு அனுப்பு. ஒரே பெயரில் நல்ல திரையும் வரும், மட்டமான திரையும் வரும். அந்தக் கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம் இருக்கும்.

அன்புடன்,
அம்மா